ரஸ்ட்டில் ஆக்டிவிட்டிபப் சர்வர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஸ்ட் நிரல்மொழியில் எழுதியது கம்பைல் ஆகிவிட்டாலே பாதிக் கிணறு தாண்டிய தெம்பு வந்துவிடும். தனித்தனி சமூக வலைத்தள சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிமுறை ஆக்டிவிட்டிபப். அதில் சர்வர் எழுதும்போது அந்தத் தெம்புதான் ஆபத்து. நினைவகத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு சர்வர் அனுப்பும் தகவல் உண்மையா, அதைச் சொல்ல அதற்கு உரிமை உண்டா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மோசமான பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்தது. மாஸ்டடான், பிக்சல்ஃபெட், லெம்மி போன்ற சமூக வலை மென்பொருள்கள் எல்லாம் பேசுவது இதைத்தான். லெம்மி ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பகுதியை அதன் குழு தனி நூலகமாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சொந்தமாக எழுதுவதுதான் முடிவு என்றாலும் அந்தக் குறிமுறையை ஒருமுறை முழுதாகப் படிக்காமல் தொடங்காதீர்கள். எடுத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் உரிமத்தைப் பாருங்கள், அது ஏஜிபிஎல்: மாற்றியமைத்து இணையச் சேவையாக நடத்தினால் மூலக் குறிமுறையையும் பகிரச் சொல்லும் உரிமம். பாதித் திட்டம் முடிந்த பிறகு உரிமத்தை யோசிப்பது வீண் தலைவலி.

இறுக்கமான ஸ்ட்ரக்ட்

விவரக்குறிப்பைப் படித்தவுடன் ரஸ்ட்காரர் கை பரபரக்கும்: ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கச்சிதமாக ஒரு டைப் வைத்த ஸ்ட்ரக்ட் (ஃபீல்டுகளின் தொகுப்பு). நிஜத்தில் வரும் ஜேசன் (சர்வர்கள் பரிமாறும் தரவு வடிவம்) அவ்வளவு ஒழுங்காக இருக்காது. பெறுநரைக் குறிக்கும் 'டு' ஒரு சர்வரிலிருந்து ஒற்றைச் சரமாக வரும், இன்னொன்றிலிருந்து பட்டியலாக வரும். 'ஆப்ஜெக்ட்' வெறும் யூஆர்எல்லாக இருக்கலாம், முழுப் பொருளாகவும் இருக்கலாம். பொதுப் பதிவு என்று குறிக்கும் முகவரியையே முழு யூஆர்எல்லாகவும் எழுதலாம், 'ஆஸ்:பப்ளிக்' என்று சுருக்கியும் எழுதலாம். இரண்டையும் ஏற்க வேண்டும். தெரியாத ஃபீல்டு வந்தால் நிராகரி என்று, ஜேசனை ஸ்ட்ரக்டாக மாற்றும் சர்டே நூலகத்திடம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று சில ஃபீல்டுகளைச் சேர்த்துத்தான் அனுப்புகிறது.

கையொப்பம்

அதிக நேரத்தை விழுங்கும் இடம் இது. ஒரு கோரிக்கை, அனுப்பியவரின் கையொப்பத்தோடும் உடலின் ஹாஷான டைஜஸ்டோடும் வருகிறது. ரஸ்ட்டின் வலைச் சட்டகமான ஆக்சமில் வழக்கம்போல ஜேசன் எக்ஸ்ட்ராக்டரைப் போட்டு உடலை ஸ்ட்ரக்டாக மாற்றிவிடுகிறோம். டைஜஸ்டைச் சரிபார்க்க அதே ஸ்ட்ரக்டை மறுபடி ஜேசனாக்கி ஹாஷ் எடுக்கிறோம். பொருந்தாது. ஃபீல்டுகளின் வரிசை மாறியிருக்கும், இடைவெளி போயிருக்கும், நாம் அறியாத ஃபீல்டுகள் உதிர்ந்திருக்கும். வந்த பைட்டுகளை அப்படியே கையில் எடுத்து முதலில் ஹாஷைப் பாருங்கள், அப்புறம் கையொப்பத்தை, அதற்கும் பிறகுதான் பார்சிங்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கையொப்பம் தோற்கிறதா? முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் என்ஜின்எக்ஸ் சர்வரின் அமைப்பைத் திறந்து பாருங்கள். அது பின்னால் இருக்கும் சர்வருக்குக் கோரிக்கையைத் தள்ளும்போது, நாம் சொல்லாவிட்டால் ஹோஸ்ட் ஹெடரை மாற்றிவிடும். அனுப்பியவர் கையொப்பமிட்டதோ மூல ஹோஸ்ட் பெயருக்கு. குறிமுறையில் தவறே இல்லாமல் நாள் முழுக்கத் தேட வைக்கும் பிழை இது.

எச்டிடிபி கையொப்பத்துக்கான தரமாக 2024-ல் ஆர்எஃப்சி 9421 வந்துவிட்டாலும், பழைய வரைவு வடிவத்தில் கையொப்பமிடும் சர்வர்கள் ஏராளம். புதியதை மட்டும் எழுதினால் பேச்சுத்துணை கிடைக்காது.

கையொப்பம் செல்லும், சரி. யார் எதற்குக் கையொப்பமிட்டார்கள்? கையொப்பமிட்ட சாவியின் சொந்தக்காரரும் ஆக்டிவிட்டியின் (வந்த செய்தியின்) 'ஆக்டர்' ஃபீல்டில் இருப்பவரும் ஒருவரா? ஒரு பதிவைத் திருத்தச் சொல்லி வந்தால், அந்தப் பதிவு அவருடையதுதானா? உள்ளே பொதிந்து வரும் ஆப்ஜெக்டின் ஐடி வேறு டொமைனைக் காட்டினால் அதை நம்பவே கூடாது. அந்த யூஆர்எல்லுக்கே போய் நேரடியாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகும், ரீடைரக்ட் எல்லாம் முடிந்து கடைசியாகப் பதில் தந்த டொமைனும் ஐடியின் டொமைனும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அதீத எச்சரிக்கை என்று தோன்றினால் 2024 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். மூலத்தைச் சரியாகச் சரிபார்க்காததால் வெளிச் சர்வர்களில் உள்ள எந்தக் கணக்கையும் போல நடிக்க முடியும் என்ற ஓட்டை மாஸ்டடானில் வெளிவந்தது. அதே மாதம் இன்னொன்று: எடுத்து வந்த ஆவணத்தின் கன்டென்ட் டைப்பை அது பார்க்கவில்லை. கோப்புகளைப் பதிவேற்ற அனுமதிக்கும் டொமைன் ஒன்றில் யாரோ ஒரு ஜேசன் கோப்பை ஏற்றினால், அதுவே அந்த டொமைனின் பயனர் விவரமாக ஏற்கப்படும் வாய்ப்பு இருந்தது. பல ஆண்டுகள் பலர் பார்த்த குறிமுறையிலேயே இப்படி என்றால், புதிதாக எழுதுபவர் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

வெளியே போய் எடுத்து வரும்போது

யாரோ கொடுத்த யூஆர்எல்லுக்கு நம் சர்வர் போகிறது. அது நம் கணினியையே குறிக்கும் 127.0.0.1 ஆகவோ, கிளவுட் மெட்டாடேட்டா கிடைக்கும் 169.254.169.254 ஆகவோ இருக்கலாம். டொமைன் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. டிஎன்எஸ் தரும் ஐபியைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ரீடைரக்ட்டிலும் பார்க்க வேண்டும். பதிலின் அளவுக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். ஒரு பதிவு இன்னொன்றுக்குப் பதில், அது மற்றொன்றுக்குப் பதில் என்று முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகும் சங்கிலிக்கும் வரம்பு தேவை.

டோக்கியோவை நம்பி விட்டுவிடுவது

பின்னணி வேலைகளை ஓட்டும் ரஸ்ட் நூலகம் டோக்கியோ. பயனர் பதிவிட்டதும் அந்தக் கோரிக்கைக்குள்ளேயே எல்லாப் பின்தொடர்பவர்களுக்கும் அனுப்ப முயலாதீர்கள். ஒரே சர்வரில் நூறு பேர் பின்தொடர்ந்தாலும் பகிர்ந்த இன்பாக்ஸுக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அனுப்ப வேண்டியவற்றின் கியூவை நினைவகத்தில் மட்டும் வைத்தால் ரீஸ்டார்ட்டில் எல்லாம் போய்விடும். 2023 டிசம்பரில் வந்த லெம்மி 0.19, ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக, அழியாத கியூவுக்கு மாறியது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் மற்றவற்றுக்கான வரிசை தேங்கக் கூடாது அல்லவா?

ஆர்எஸ்ஏ கையொப்பமிடுவது சிபியூ வேலை. மற்ற டாஸ்க்குகளைக் காக்க வைக்கும் இத்தகைய வேலைகளுக்கென்று உள்ள தனித் த்ரெட்களுக்கு அதைத் தள்ளிவிடுங்கள். அனுப்பும் டாஸ்க்குக்குள் ஓர் அன்ராப் (பிழை வந்தால் அங்கேயே முறித்துவிடும் அழைப்பு) இருந்து பேனிக் ஆனால் அந்த டாஸ்க் மட்டும் சாகும், சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க்கின் முடிவைச் சொல்லும் ஜாயின் ஹேண்டிலைக் கவனிக்காவிட்டால் எதுவும் வெளியே போகவில்லை என்பதே தெரியாது.

கடைசியாக, நீக்கம். பெரும்பாலானவர்கள் இதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. ஒருவர் தன் பதிவை அழித்தால் நம்மிடமுள்ள நகலும் போக வேண்டும், கேஷில் கிடக்கும் படமும் போக வேண்டும். கணக்கையே அழித்தவரின் சாவியைத் தேடிப் போனால் 410 ('இங்கே இனி இல்லை' என்ற பதில்) வரும். கையொப்பத்தைச் சரிபார்க்க வழியில்லை என்று அந்த நீக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடாதீர்கள். அவருடைய சாவியை முன்பே சேமித்து வைத்திருந்தால் அதைக்கொண்டு சரிபாருங்கள். இல்லையென்றால் அவரது ஐடிக்கே போய் 410 வருவதை உறுதிசெய்துகொண்டு நம் பக்கத்தில் அழியுங்கள். நமக்கு அறிமுகமே இல்லாதவர் என்றால் மட்டும் எதையும் எடுக்காமல் உடனே விட்டுவிடலாம்.