கத்தரி விதையை நாமே எடுத்து வைக்கலாம்

பல குடும்பங்கள் பங்கு போட்டு நடத்தும் சிறு பண்ணை, ஒவ்வொரு பட்டத்துக்கும் கடை விதையை நம்பி இருக்கக் கூடாது. கத்தரியில் தொடங்குங்கள். வேலூர் முள்ளுக் கத்தரி போல நாட்டு ரகமாக இருக்கட்டும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாய்ச்செடி போல வராது.

நோயில்லாமல் நன்றாகக் காய்க்கும் ஐந்தாறு செடிகளில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பறிக்க வரும் பங்குதாரர்கள் விதைக்காயையும் சேர்த்துப் பறித்துவிடுவது அடிக்கடி நடக்கும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி, பூ விரிந்ததும் காலையில் லேசாகத் தட்டிவிடுங்கள், அதன் மகரந்தமே அதில் சேரும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்பில் நூல் கட்டுங்கள்.

காய் நன்றாக மஞ்சளாகிப் பளபளப்பு போனபின் பறித்து, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கறிக்கு ஏற்ற பருவத்தில் எடுத்த விதை முளைக்காது. பிறகு அறுத்து, தண்ணீரில் பிசையுங்கள். மிதப்பது பொக்கு, அடியில் தங்குவதே விதை. அலசித் துணியில் மெல்லப் பரப்புங்கள், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். நிழலில் மூன்று நாள், இளவெயிலில் இரண்டு நாள் காய்ந்தபின், சலித்த சாம்பல் கலந்து புட்டியில் இறுக மூடி, ரகமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள்.

விதைக்குமுன் 20 விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். பத்து நாளில் 14க்குக் குறைவாக முளைத்தால் நாற்றங்காலில் கூடுதலாகத் தூவ வேண்டும்.