திருகோணமலையில் வீட்டுக்கு மரம் வாங்க எந்த மாதம் நல்லது?

எங்கள் மரக்காலையில் கணக்கு எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே கேட்பது, "கன அடி என்ன விலை?" நான் திருப்பிக் கேட்பது, "எதுக்கு வேணும், எப்ப வேணும்?" இந்த இரண்டும் தெரியாமல் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் பிரயோசனமில்லை. நம் ஊரில் மரத்தின் விலையை இரண்டு மழைகள் ஆட்டிவைக்கின்றன. ஒன்று நம் மழை, மற்றது தெற்கில் பெய்யும் மழை.

நம் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை போகும். அந்த நாட்களில் தோட்டத்துக்குள் லொறி இறங்காது, டிராக்டரும் புதைந்துவிடும். புதுச் சரக்கு வராது. ஆனால் கூரை வேலை செய்கிறவர்களும் இல்லை, அதனால் விலை பெரிதாக ஏறாது. காசோடு போனால் கொஞ்சம் குறைத்தும் தருவார்கள். ஆனாலும் மார்கழியில் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஈரத்தில் வாங்கிய மரத்தில் கதவு செய்தால், கச்சான் காற்று அடிக்கும்போது அது காய்ந்து சுருங்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும்.

தெற்கின் மழை வைகாசியில் பிடித்துக்கொள்ளும். களுத்துறை, இரத்தினபுரிப் பக்கமிருந்து வருகிற றப்பர் பலகையும், ஜினிசப்பு என்கிற சண்பக மரமும் அப்போது பிந்தும். றப்பர் மரம் அரிந்தவுடன் மருந்தேற்றிக் காய வைக்க வேண்டிய சாதி. மழையில் தாமதித்தால் நீலம் பாய்ந்து பூச்சியும் விழுந்துவிடும். இந்த இரண்டும் வேண்டுமென்றால் தெற்கில் வெயில் அடிக்கிற தை, மாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி, மரத்துக்குத் தேவை எப்போது கூடுகிறது என்று பாருங்கள். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கம் பெரும்போக நெல் வெட்டிக் காசு கைக்கு வருவது மாசி, பங்குனியில். வீடு தொடங்குகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். அதே நேரத்தில் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்களும் சீசனுக்கு முன் திருத்த வேலைக்குப் பலகை எடுப்பார்கள். தெற்கிலிருந்து மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வாடி (கரையில் தங்கும் குடில்) போடக் கம்பு, தடி வேண்டும். எல்லாம் ஒன்றாய் வந்து விழுகிற காலம் பங்குனி, சித்திரை. ஓட்டைத் தாங்கும் கூரைச் சலாகைக்கு அப்போது பேரம் பேச இடமே இருக்காது. புரட்டாசியில் இன்னொரு நெருக்கடி வரும். மழைக்கு முன் ஓடு போட எல்லோரும் ஓடி வருவார்கள்.

நடுவில் கிடைப்பது ஆனி, ஆடி. ஆடியில் நம் சனம் நாட்கல் வைக்காது, நிலை வைக்காது, குடிபூராது. முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாப் பக்கம் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும் மொத்தத்தில் கடை அமைதியாகத்தான் இருக்கும். மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும். தேக்கு, வேம்பு போன்ற நம் பக்கத்து மரங்களுக்கு இதுதான் நேரம். நிலை வைப்பது ஆவணியில் என்றாலும் மரத்தை ஆடியிலேயே எடுத்து வையுங்கள்.

முதிரை, பாலை, சமண்டலை போன்ற காட்டு மரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை 1990இல் அரசாங்கம் நிறுத்தியது. ஒரு காலத்தில் படகு கட்ட மதராசுக்குக் கப்பலேறிய சமண்டலையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய வீடு உடைக்கிற இடத்தில் முதிரை நிலை கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம். இறக்குமதி மரத்துக்கோ மழையைவிட டொலர்தான் முக்கியம். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது அந்த மரத்தின் விலையும் கூடவே ஏறியது. வெளிமரம் வாங்க முடியாதவர்கள் உள்ளூர் மரத்துக்குத் திரும்ப, அதன் விலையும் ஏறியது. டீசல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

புயலுக்குப் பிறகு விலை இரண்டாகப் பிரியும். 2020 டிசம்பரில் புரெவி நம் கரையில் ஏறியதே, அதுபோல ஒரு காற்று அடித்தால் விழுந்த மா, வேம்பு, தென்னையெல்லாம் மலிவாக வரும். சலாகை மட்டும் ஏறும், ஏனென்றால் எல்லோருக்கும் கூரை போயிருக்கும். விழுந்த மரத்தை வாங்குவதென்றால் உடனே அரிந்துவிடுங்கள்.

மரத்தை அரியாமல் குற்றியாக வாங்குகிறவர்கள் அளவைத் தாங்களே பிடிக்க வேண்டும். நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுங்கள். வந்ததை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுங்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. அந்தக் குற்றியில் அரை அங்குலத் தடிப்பில் பட்டை இருந்தால், உள்மரத்தின் சுற்றளவு 45 அங்குலம்தான். கணக்கு 8.8 கன அடிக்கு இறங்கிவிடும். ஒரு கன அடிக்கு மேல் பட்டைக்குக் காசு கொடுக்கிறீர்கள்! ஆகவே பட்டையைச் செதுக்கிக் காட்டச் சொல்லிவிட்டு நாடாவைப் போடுங்கள். அரியும்போதும் தூளும் ஓரப் பலகையுமாகப் பெரும் பங்கு போய்விடும் என்பதையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஈரத்தைப் பார்க்க, பலகையின் நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். நுனி எப்போதும் முன்னதாகக் காயும், அதை நம்ப முடியாது. துண்டை நிறுத்து, அவணில் (oven) நூறு பாகை செல்சியஸில் வைத்து, நிறை இனிக் குறையாது என்கிற வரை காய வைத்துத் திரும்ப நிறுங்கள். 130 கிராம் 100க்கு இறங்கினால் ஈரம் முப்பது வீதம். அந்த மரம் இன்னும் பச்சைதான். கதவு, யன்னலுக்குப் பதினைந்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

சந்தை விலையைவிட மிகவும் குறைத்து, அதுவும் இரவில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால், போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம். மரமும் போகும், வழக்கும் வரும்.

ஆடியில் வாங்கிய மரத்தை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவே சலாகைத் துண்டு வைத்து, நிழலில் அடுக்குங்கள். இரண்டு முனைகளிலும் பழைய பெயின்ட் பூசிவிடுங்கள், கச்சானுக்கு வெடிக்காது. மேலே தகரம் போதும். பொலித்தீனால் சுற்றி மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.