வெள்ளைச் சீருடையின் கொலரில் மேக்கப் ஒட்டாமலிருக்க: ஆரம்பத்திலிருந்து செய்முறை

தாதியர் சீருடையோ, ஆய்வுகூடக் கோட்டோ, சலூனில் தரும் வெள்ளை மேற்சட்டையோ, கறை முதலில் பிடிக்கும் இடம் கொலரின் உள்மடிப்புத்தான். கொலர் இல்லாத உடுப்பென்றால் கழுத்து விளிம்பு.

பவுண்டேஷன் என்பது எண்ணெயிலோ சிலிக்கோனிலோ குழைத்த நிறத்தூள். பூசியதும் அதிலுள்ள ஈரம் பறந்து, தோலில் மெல்லிய படலமாகப் படிய வேண்டும். படியுமுன் துணி பட்டால் நிறம் துணிக்குப் போய்விடும். படிந்த பிறகும் வியர்வையும் முகத்து எண்ணெயும் சேர்ந்து அதைத் திரும்ப இளக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை இலேசில் காயாது என்பதால், விலை கூடிய பவுண்டேஷனைத் தேடுவதைவிடக் குறைவாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுப்பதே பலன் தரும். முகம் கழுவியதிலிருந்து உடுப்புப் போடும்வரை 30 நிமிடம் ஒதுக்குங்கள்.

1. அடிப்பூச்சு

முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜெல் வகை மொய்ஸ்சரைசர் ஒரு கடலையளவு எடுங்கள். கிறீம் வகை இந்த வெக்கைக்குக் கனம்; நாடியோரம் வழுக்கும். அது உறிஞ்சியதும் சன்ஸ்க்ரீன்: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு. பிறகு 15 நிமிடம் முகத்தைத் தொட வேண்டாம். காலைச் சாப்பாட்டை இந்த நேரத்தில் முடித்துவிட்டால் உதட்டு வேலையும் பிறகு கெடாது.

கொலரில் வரும் மஞ்சள் கறைக்குப் பலரும் பவுண்டேஷனைக் குற்றம் சொல்வார்கள். பல தடவை காரணம் சன்ஸ்க்ரீன். அவோபென்சோன் என்ற வெயில் தடுக்கும் இரசாயனம் உள்ள சன்ஸ்க்ரீன், இரும்புச்சத்துள்ள தண்ணீரில் தோய்க்கும்போது துருநிறமாக மாறும். கிணற்றுத் தண்ணீரில் அல்லது குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தோய்க்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். குப்பியின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கழுத்துக்குச் சிங்க் ஒக்சைட் வகையைப் பாவியுங்கள். அது வெள்ளைத் துணியில் பட்டாலும் தெரியாது.

2. பவுண்டேஷன்

அரைப் பம்ப் போதும். மூக்கின் இரு பக்கத்திலும் தொடங்கி, ஈர ஸ்பொன்ஜால் தட்டித் தட்டி வெளியே கொண்டுபோங்கள். நாடி எலும்புக்கு ஒரு விரல் மேலே நிறுத்திவிடுங்கள். கழுத்தில் ஒரு துளியும் வேண்டாம். முகம் வேறு, கழுத்து வேறு நிறமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் வாங்கிய நிறம் பிழை. கழுத்துக்கும் பூசி அதைச் சரிக்கட்டப் போனால் கொலர்தான் பாழாகும். அடுத்த முறை கடையில் கையின் மேல் பூசிப் பார்க்காமல், நாடியோரம் பூசி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

3. பவுடர், ஸ்ப்ரே

மூன்று நிமிடம் கழித்து, நிறமற்ற லூஸ் பவுடரைப் பஃபில் எடுத்து நாடி, மேலுதடு, மூக்கு ஓரம் ஆகிய இடங்களில் அழுத்துங்கள். தேய்த்தால் கீழே உள்ள படலம் கிழியும். மிஞ்சியதைப் பிரஷால் தட்டிவிடுங்கள். குழந்தைப் பவுடரைக் கழுத்தில் அப்பும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. வியர்த்ததும் அது கழுத்து மடிப்பில் களியாகி, அழுக்கையும் எண்ணெயையும் சேர்த்துக் கொலரில் இழுத்துவிடும்.

மேக்கப்பைக் கலையாமல் பிடித்துவைக்கும் செற்றிங் ஸ்ப்ரே இருந்தால் 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி, மூன்று தடவை. ஒரு நிமிடம் காயட்டும். லிப்ஸ்டிக் பளபளப்பில்லாத மேற் (matte) வகையாக இருக்கட்டும். பூசியதும் டிஷ்யூவைக் கடித்து எடுங்கள்.

இனி ஒரு சோதனை. வெள்ளை டிஷ்யூவை நாடியில் வைத்து ஐந்து விநாடி அழுத்துங்கள். நிறம் வந்தால் இன்னொரு தடவை பவுடர் அழுத்தி, இரண்டு நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள்.

4. உடுப்புப் போடுதல்

முன்பக்கம் பொத்தான் உள்ள சீருடையை மேக்கப் முடிந்த பிறகு போடலாம். தலைவழியாகப் போடுவதை முதலிலேயே போட்டு, தோளைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொள்ளுங்கள். இடையில் மாற்ற வேண்டி வந்தால் முகத்தின் மேல் மெல்லிய சால்வையைப் போட்டுக்கொண்டு தலையை நுழையுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை இரவோடு முடித்துக்கொள்ளுங்கள். பிடரியில் வழியும் தேங்காய் எண்ணெய் கொலரின் பின்பக்கத்தைப் பழுப்பாக்கும். குங்குமம் உதிரும், ஆகவே வேலைநாளில் ஒட்டுப் பொட்டு நல்லது. முகத்துக்கு மஞ்சள் பூசினால் அன்று வெள்ளை உடுப்பு வேண்டாம். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். பயந்து தேய்க்காமல் அலசி வெயிலில் போட்டால் நாளடைவில் மங்கும்.

சனம் நெரியும் பஸ்ஸில் போவதானால், வசதி இருந்தால் சீருடையைப் பையில் கொண்டுபோய் வேலைத்தலத்தில் மாற்றுங்கள். வியர்வையை லேஞ்சியால் துடைக்காமல் ஒற்றுங்கள். துடைத்த லேஞ்சியைக் கழுத்தில் சொருகினால் அதிலிருக்கும் நிறம் முழுக்கக் கொலருக்கு வரும்.

கறை பட்டுவிட்டால்

தண்ணீர் காட்டாதீர்கள். எண்ணெய்க் கறைமேல் வெறும் தண்ணீர் வேலை செய்யாது, தேய்க்கத் தேய்க்க நிறத்தூள் நூலுக்குள் இறங்கும். காய்ந்த துணியிலேயே, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, விரலால் மெதுவாகப் பரப்பி 10 நிமிடம் விடுங்கள். பிறகு கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரை ஓடவிட்டால் நிறம் வந்த வழியே வெளியேறும். லிப்ஸ்டிக் கறைக்கு, கீழே டிஷ்யூ வைத்து, பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுப் பின்பக்கத்தில் ஒற்றுங்கள்; டிஷ்யூ நிறமேறினால் மாற்றுங்கள். முதலில் உள்தையலில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள்.

சன்ஸ்க்ரீனால் வந்த துருநிறக் கறைக்குக் குளோரின் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் வைத்து ஒரு மணி நேரம் விட்டு நன்றாக அலசுங்கள், தேவையானால் திரும்பச் செய்யுங்கள். நீலம் போடுவது கறை போன பிறகுதான். அயன் பண்ணுமுன் கொலரைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கறையின் நிழல் கொஞ்சம் தெரிந்தாலும் சூடு அதை நூலோடு ஒட்டிவிடும், ஆகவே அந்த உடுப்பு திரும்பவும் வாளிக்குத்தான் போக வேண்டும்.