பழைய கிரெடிட் செல்லுமா? கேள்வியிலேயே தொடங்கும் தவறு

அமெரிக்காவில் பாதியில் விட்ட பட்டப்படிப்பைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து முடிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என் பழைய கிரெடிட் செல்லுமா?" என்றுதான். கிரெடிட் என்பது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி கணக்கில் ஏற்றும் அலகு. உங்கள் அறுபது கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வரும். சந்தோஷமாகக் கட்டணத்தைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் அட்வைசர் முன்னால் உட்காரும்போதுதான் தெரியும், அதில் பாதி வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கணக்கில் கிடக்கிறது என்று. அக்கவுண்டிங் பாடம் அக்கவுண்டிங்காக ஏறாமல் பொது எலெக்டிவாக ஏறினால், அதே பாடத்தை மறுபடி காசு கொடுத்துப் படிக்க வேண்டியதுதான்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள்: இந்த மேஜரில் (முதன்மைப் பாடத்துறையில்) எந்தப் பாடத்துக்குப் பதிலாக என் எந்தப் பாடம் நிற்கும்? பதிலைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017 அறிக்கையில் மதிப்பிட்டது. அது 2004 முதல் 2009 வரை மாறியவர்களின் கணக்கு.

முதல் பதிலோடு திரும்பி வந்துவிடுவது இன்னொரு தவறு. டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இருப்பது பாடத்தின் பெயரும் கிரேடும்தான். என்ன படித்தீர்கள் என்பது அதில் இல்லை. பழைய சிலபஸைக் காட்டினால் துறையில் மறுபரிசீலனை கேட்கலாம். பரணில் இல்லையென்றால் பழைய கல்லூரியின் துறை அலுவலகத்தைக் கேளுங்கள். அந்த வருடத்துக் கேட்டலாக் (கல்லூரியின் பாட விவரப் புத்தகம்) கிடைத்தாலும் உதவும்.

எண்ணிக்கையிலும் ஏமாறுவார்கள். வருடத்தை நாலாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் எடுத்த 90 கிரெடிட், இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறையில் 60தான். வயதும் உண்டு: வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் பழசாவதில்லை, ஆனால் நர்சிங் படிப்புகள் பலவற்றில் ஐந்து, ஏழு வருடத்துக்கு முந்தைய அனாட்டமி செல்லாது.

கிரேடு மோசமாக இருந்த கல்லூரியைச் சொல்லாமல் விடலாமா? கூடாது. படித்த எல்லாக் கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள். எங்கெங்கே சேர்ந்திருந்தீர்கள் என்பதைத் தேசிய அளவிலான பதிவில் பார்க்கவும் வழி உண்டு. மறைத்தது தெரிந்தால் அட்மிஷனே போகலாம்.

நேர்வழியும் இருக்கிறது. டெக்சஸில் 'அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு சட்டம். அந்த மாநிலவாசி அங்குள்ள அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பத்து வருடமோ அதற்கு மேலோ ஆன பாடங்களை அட்மிஷனில் பார்க்க வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் எஃப் வாங்கியதை ஒதுக்கி, ஏ வாங்கியதை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் காலத்துக் கிரெடிட் மொத்தமும் போய்விடும். முதல் செமஸ்டரில் மட்டும் சறுக்கி, பின்னால் நன்றாகப் படித்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.