நண்பகலில் நிழல் மறைகிறதா? ஒளிப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஒளியைக் கற்பிக்கும்போது, வெளியே சென்று சரிபார்க்கக்கூடிய செய்தியைக்கூட மனப்பாட வாக்கியமாக்கிவிடுவதே பெரிய தவறு. "நண்பகலில் நிழல் விழாது" என்பது அத்தகைய வாக்கியம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ள மதுரையில், சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், ஆண்டுக்கு இரண்டே முறைதான். பள்ளி மைதானத்தில் 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், உச்சிப்பொழுதின் நிழல் ஜூன் மூன்றாம் வாரத்தில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 24 செ.மீ. நீளத்திலும், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 66 செ.மீ. நீளத்திலும் விழும். கடிகாரத்தில் 12 மணி ஆனதும் அளந்துவிடுவதும் தவறு. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அந்த ஏப்ரல், ஆகஸ்ட் நாட்களில் மதுரையின் உச்சிப்பொழுது 12.15-ஐத் தாண்டியே வருகிறது. நிழலை அளக்கும் பிள்ளைகள் சூரியனை நிமிர்ந்து பார்க்காதபடி ஆசிரியர் அருகிலேயே நிற்க வேண்டும்.

படம் வரையும்போது அம்புக்குறியைக் கண்ணிலிருந்து பொருளுக்குப் போடுவது அடுத்த பிழை. விளக்கிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து கண்ணுக்கும்தான் ஒளி செல்கிறது. இருட்டு பழகினால் எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் சொல்வது, சிறிதாவது ஒளி கசியும் அறைக்கே பொருந்தும்; ஒளியே புகாத அறையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எதுவும் தெரியாது. நிலவு சூரிய ஒளியைத்தான் நமக்குத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

"ஒளி நேர்கோட்டில் செல்லும்" என்று மட்டும் சொல்லி, "ஒரே சீரான ஊடகத்தில்" என்ற நிபந்தனையை விட்டுவிடுவது, கிணறும் கண்மாயும் நிறைந்த நம் பகுதியில் ஆபத்தான குறை. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி விலகுவதால், 8 அடி ஆழமுள்ள தெளிந்த நீர் நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு 6 அடியாகவும், கரையிலிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு அதைவிடக் குறைவாகவும் தோன்றும். இதை வகுப்பிலேயே காட்டலாம். எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் நாணயத்தை வைத்து, விளிம்பு அதை மறைக்கும் வரை மாணவரைப் பின்னால் நகரச் சொல்லி, பிறகு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் நாணயம் கண்ணுக்குத் தெரியவரும். கண்ணாடிக் கிண்ணம் இதற்கு உதவாது. தண்ணீர் வேகமாக விழுந்து நாணயம் நகர்ந்துவிட்டாலோ, பார்ப்பவர் தலையை உயர்த்திவிட்டாலோ, சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.