ஒரு கட்டைச் சுருதியும் ஐந்து ஒலிவளையங்களும்: 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலை வீட்டில் செய்து பார்ப்போம்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலின் ஒலிப்பதிவை லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் தொடங்கிய நாள் 1966 ஏப்ரல் 6. மூன்று நிமிட அளவே உள்ள ராக் பாடல். கணினி இல்லாத அந்தக் காலத்தில், ஒலிநாடாவையே ஓர் இசைக்கருவியாக்கிக் காட்டிய பாடல் இது. பல முறை கேட்டும் எனக்குப் பிடிபடாத நுட்பங்கள், கையால் செய்து பார்த்தபோதுதான் விளங்கின. நீங்களும் செய்து பாருங்கள்.

தேவையானவை: ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள், வீட்டில் இருக்கும் கைபேசிகள், ஒரு மேசை விசிறி. முதலில் மூலப் பாடலை ஹெட்போனில் இரண்டு முறை கேட்டுவிடுங்கள்.

படி 1: சுருதி

பாடல் முழுவதும் சி என்ற ஒரே ஆதார சுரத்தில் நிற்கிறது. நம் கணக்கில் ஒரு கட்டை. மேலே கைசிகி நிஷாதத்தைத் தொட்டுத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான். தொடக்கத்தில் ரீங்கரிப்பது தம்புராவே. அந்த நாட்களில் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் போன்ற இந்திய இசைக்கருவிகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். கைபேசியில் ஏதாவது ஒரு தம்புரா செயலியை ஒரு கட்டையில் வைத்து, மூன்று நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: தாளம்

குழுவின் டிரம் கலைஞர் ரிங்கோ ஸ்டார் ஒரே தாள அமைப்பைக் கடைசிவரை விடாமல் வாசிக்கிறார். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. பெரிய டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை வழக்கத்தைவிட நெருக்கமாக வைத்து, ஒலியை அழுத்தி (உரத்த, மெல்லிய ஒலிகளின் இடைவெளியைக் குறைத்து) பதிவு செய்தார். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் துண்டைத் திணித்துத் தட்டுங்கள்; கைபேசியை அருகிலேயே வையுங்கள். பிறகு ஆடாசிட்டியில் அதே அழுத்தத்தைத் தரும் 'கம்ப்ரஸர்' கொடுங்கள். வாளி என்று யாரும் சொல்ல முடியாத கனம் வந்துவிடும்.

படி 3: ஒலிவளையங்கள்

இதுதான் உயிர்நாடி, அவசரம் வேண்டாம். குழுவின் பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான பால் மெக்கார்ட்னி தம் வீட்டு டேப் ரெக்கார்டரில் பழைய ஒலியை அழிக்கும் முனையைச் செயலிழக்க வைத்தார். நாடாத் துண்டின் இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கிச் சுழலவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஒலி பழையதன்மேல் படியும். பாரிஸில் பியேர் ஷாஃபர் போன்ற சோதனை இசையமைப்பாளர்கள் 1940களிலேயே பதிவான ஒலிகளைச் சுழலவிட்டு இசை அமைத்தார்கள். அந்தச் சோதனைக்கூட வித்தையை மக்கள் கேட்கும் பாட்டுக்குள் கொண்டுவந்ததுதான் பீட்டில்ஸின் துணிச்சல். பாடலில் கடற்பறவை கத்துவதுபோல் கேட்கிறதே, அது மெக்கார்ட்னியின் சிரிப்பு. வேகத்தைக் கூட்டியதால் பறவையாகிவிட்டது.

உங்கள் வீட்டுச் சிரிப்பு ஒன்று, வயலினோ புல்லாங்குழலோ ஒன்று, பாத்திர ஒலி ஒன்று என ஐந்து ஒலிகளைப் பதியுங்கள். ஒவ்வொன்றிலும் சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுங்கள். சிலவற்றின் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். சிலவற்றை 'ரிவர்ஸ்' செய்து பின்னோக்கி ஓடவிடுங்கள்; பாடலின் நடுவே வரும் கிதாரும் அப்படித் திருப்பப்பட்டதுதான். பிறகு 'ரிப்பீட்' கொடுத்து ஒவ்வொன்றையும் மூன்று நிமிடத்துக்கு நீட்டுங்கள்.

வளையங்களின் நீளம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. 3, 4, 5 விநாடி வளையங்கள் சேர்ந்து ஓடினால், மூன்றும் மறுபடி ஒரே புள்ளியில் தொடங்க 60 விநாடி ஆகும். அதனால்தான் கேட்பவருக்குச் சலிப்பதில்லை.

படி 4: கையால் கலத்தல்

ஏப்ரல் 7 அன்று, கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த டேப் இயந்திரங்களில் ஐந்து வளையங்களை ஓடவிட்டார்கள். ஊழியர்கள் பென்சிலால் நாடாவை இழுத்துப் பிடித்து நின்றார்கள். கலவைப் பலகையில் ஒவ்வொரு வளையத்தின் ஒலியையும் அந்தக் கணத்தில் தோன்றியபடி ஏற்றி இறக்கினார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே நினைத்தாலும் அதே கலவையை இன்னொரு முறை உண்டாக்கியிருக்க முடியாது.

ஆகவே இந்தப் படியைக் கணினியில் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வளையங்களை ஐந்து கைபேசிகளில் ஏற்றி, ஒரு மேசையில் வையுங்கள். சுருதியையும் தாளத்தையும் கணினி ஒலிக்கட்டும். ஆளுக்கொரு கைபேசியின் ஒலியளவைக் கூட்டிக் குறையுங்கள்; ஆறாவது கைபேசி பதிவு செய்யட்டும். முதல் இரண்டு தடவை வெறும் இரைச்சலாகத்தான் வரும். மூன்றாவதில் யாராவது ஒருவர் சரியான நேரத்தில் அடங்குவார். அப்போது மற்றவர்களின் காதும் திறந்துகொள்ளும்.

படி 5: குரல்

மலையுச்சியில் இருந்து தலாய் லாமா பாடுவதுபோல் தம் குரல் வேண்டும் என்று கேட்டார் பாடலைப் பாடிய ஜான் லெனன். பிற்பகுதிக் குரலை ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகைக் கருவிக்கான லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கி வழியே அனுப்பினார்கள். சிறுவயதில் விசிறி முன் நின்று 'ஆ' என்று கத்தியிருப்பீர்களே, அதற்கு நெருங்கிய உறவு இது. மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, காப்புக் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பாடுங்கள். கைபேசியை விசிறிக்குப் பின்புறம், காற்று மோதாத இடத்தில் வையுங்கள். முற்பகுதிக் குரலுக்கு, ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்செண்ட் உருவாக்கிய செயற்கை இரட்டிப்பு முறை உதவியது. நீங்கள் குரல் தடத்தை நகலெடுத்து, நகலை 30 மில்லி விநாடி தள்ளி வைத்தால் போதும்.

இந்தக் குரலைப் படி 4-இல் பதிந்த கலவையின்மேல் வைத்துச் சேமியுங்கள். அடுத்து, கெமிக்கல் பிரதர்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையர் 1996-இல் வெளியிட்ட 'செட்டிங் சன்' பாடலை ஒலிக்கவிடுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் ரிங்கோவின் தாளத்துடைய சாயல் அதில் அடிப்பதை, வாளியில் தட்டிப் பழகிய உங்கள் காது உடனே கண்டுகொள்ளும்.