அளவு நாடா இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்

கட்டடக்கலை மாணவர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்புகிறார். கைப்பேசியில் நாலாயிரம் படங்கள். ரோம் நகரத்துப் பழங்காலக் கோயிலான பாந்தியனின் தரை சமதளமா என்று கேளுங்கள், விழிப்பார். சமதளம் இல்லை. குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் திறந்த வட்டத்தின் வழியே மழை உள்ளே விழும். அது வழிந்தோடுவதற்காகத் தரை நடுவில் லேசாக மேடிட்டிருக்கும். வடிகால் துளைகளும் உண்டு. எல்லோரும் அண்ணாந்து படமெடுப்பதால் தரையை யாரும் பார்ப்பதில்லை.

இப்படிப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன்: கேமராவிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கையைச் சும்மா வைத்திருப்பது. படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பார்சிலோனா பெவிலியனே சாட்சி. ஜெர்மன் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய கூடம் அது. அடுத்த ஆண்டே பிரித்துவிட்டார்கள். 1986இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பும்வரை, உலகம் அதைக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் படித்தது. படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்த சுவர்கள் நேரில் தேன் நிற ஓனிக்ஸ் கல்லும் பச்சைப் பளிங்கும்! நிறம், வெப்பம், எதிரொலி, கால் வைத்தால் கல் எப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் நேரில் போயாக வேண்டும். போன பிறகும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் பயணச்சீட்டுக் காசு வீண்.

என்ன செய்யலாம்? ஐந்து மீட்டர் அளவு நாடா ஒன்று, கோடில்லாத நோட்டு ஒன்று, பென்சில். ஒரு கட்டடத்தில் அரை நாள் உட்காருங்கள். முதலில் காலடிகளால் அளந்து தளப்படம் (மேலிருந்து பார்த்த அமைப்பு) போடுங்கள், பிறகு வெட்டுத்தோற்றம் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் உள்ளமைப்பு). படியின் உயரம், அகலம், ஜன்னல் கட்டை தரையிலிருந்து எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு பருமன் என்று எழுதிக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் படிக்கும் 18 சென்டிமீட்டர் படிக்கும் உள்ள வேறுபாடு முழங்காலுக்குத் தெரியும். எண்ணாக எழுதிவைத்தால்தான் அடுத்த வடிவமைப்பில் கைகொடுக்கும்.

ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படிகள். முட்டையோடு போல உள் ஓடு, வெளி ஓடு என இரண்டு ஓடுகள். அவற்றுக்கு நடுவேதான் ஏறுகிறோம். மேலே போகப் போகச் சுவர் தலைப்பக்கம் சாய்ந்து வரும். ஏறி இறங்கிய அன்றிரவே அந்த வெட்டுத்தோற்றத்தை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். எங்கே கை நின்றுவிடுகிறதோ அங்கே நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். மறுநாள் போய் அந்த இடத்தை மட்டும் பார்க்கலாம். (மூச்சு வாங்குவதற்கு நான் பொறுப்பில்லை.)

ஒரு நாளில் பத்துக் கட்டடங்கள் என்று பட்டியல் போட்டு ஓடுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் ஐம்பதை நெருங்கும் வயதில், 1950இல், ரோமுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். அங்கிருந்து கிரேக்கம், எகிப்து என்று போய்ப் பாஸ்டல் வண்ணங்களில் வரைந்து தள்ளினார். அவருக்குப் பெரும்புகழ் தந்த கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவையே.

புறப்படுவதற்கு முன்பே நடக்கும் தவறு, ஊரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது. சில திட்டங்கள் விரிவுரையும் சுற்றுலாவும் மட்டுமே. வடிவமைப்பு ஸ்டூடியோ, அதாவது ஆசிரியர் வழிகாட்ட மாணவர்களே வடிவமைத்துப் பழகும் வகுப்பு, பெயருக்குத்தான் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ, மாதிரி செய்யும் பட்டறையை எப்போதெல்லாம் திறந்துவைப்பார்கள், போன ஆண்டு மாணவர்களின் வரைபடங்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே படித்த பாடங்களுக்கான மதிப்பலகு, அதாவது கிரெடிட், ஏற்கப்படும் என்று சொந்தக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். ஐரோப்பிய முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட் என்பதால் ஸ்டூடியோ ஒன்று கணக்கில் வராமல் போனாலே ஆண்டு தள்ளிப்போகக்கூடும். ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) நாடு ஒன்றின் மாணவர் அனுமதி இருந்தாலும், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் சுற்றலாம்.

வரைபலகைக்கு முன் உட்கார்ந்ததும் வேறொரு வழுக்கல் வரும்: சூரியனைச் சொந்த ஊரிலிருந்து கூடவே எடுத்துக்கொண்டு போவது. வெயிலைத் தடுத்தே பழகிய கை, ஹெல்சிங்கியிலும் ஆழமான நிழல் தாழ்வாரம் போடும். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு டிகிரிகூட ஏறாது. வெளிச்சத்தைப் பிச்சை கேட்கும் ஊரில் அதை மறைத்தால் எப்படி? தெற்கு அரைக்கோளத்திலோ சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். இது தெரியாதவர் இல்லை, ஆனால் தெற்கு நோக்கிப் பெரிய ஜன்னல் வைத்த வரைபடங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஜூரியில், அதாவது மாணவர் வரைபடங்களை நிபுணர்கள் விமர்சிக்கும் அமர்வில், வாதாடித் தோற்பவர்களும் உண்டு. நிபுணர்கள் பேசும்போது பதில் தேடிக்கொண்டிருந்தால் அவர்கள் சொன்னது காதில் ஏறாது. அயல்மொழி என்றால் பாதிகூட நிற்காது. பக்கத்து மேசை நண்பரிடம் நோட்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் முறை வரும்போது நீங்கள் எழுதுங்கள். மூன்று நாள் கழித்துப் படித்தால் திட்டாகத் தோன்றியது பல சமயம் யோசனையாக இருக்கும்.

நோட்டை ஒழுங்குபடுத்தும் வேலையையும் திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒருமுறை பக்கங்களை ஸ்கேன் செய்து இடம், நாள், நேரம் குறித்துவிடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறியையும் அங்கேயே நின்று போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த முற்றத்தில் காலை வெயில் எந்தச் சுவரில் விழுந்தது என்று உங்கள் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் புரட்டும் ஒருவர் கேட்பார். கைப்பேசியில் இருக்கும் நாலாயிரம் படங்களில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.